கயிற்றின் இழுவிசையும் கணக்கின் குறியும்

பௌதிகக் கணக்குகளில் மாணாக்கரைப் பெரிதும் அலைக்கழிப்பது யாதென என்னைக் கேட்டால், பெருக்கலும் அன்று, வகுத்தலும் அன்று, கூட்டல் குறியும் கழித்தல் குறியுமே என்பேன். நியூட்டனின் மூன்று விதிகளையும் வரி பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, கயிற்றில் தொங்கும் ஒரு வாளியைக் கணக்கிலே கண்டதும் திகைத்து நின்றுவிடுகிறது. புவியீர்ப்பைக் கூட்டுவதா, கழிப்பதா? இழுவிசைக்கு எந்தக் குறி? முடுக்கத்துக்கு எந்தக் குறி? வழி தெரியாத பிள்ளை ஏதோ ஒரு குறியைப் போட்டுக் கணக்கை முடிக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையை ஒத்துப் பார்க்கிறது. ஒத்து வராவிட்டால் குறியை மாற்றிப் போட்டு மறுபடியும் பார்க்கிறது. மூன்றாம் முறையில் விடை வந்துவிடும். ஆனால் கணக்கு வந்ததாகுமா?

இதனால் விளையும் தீங்கு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. குறி என்பது ஆசிரியருடைய மனம் போன போக்கு, அல்லது அதிர்ஷ்டம், என்ற எண்ணம் ஒரு முறை உள்ளத்தில் ஊன்றிவிட்டால், பிறகு அந்தப் பிள்ளைக்குப் பௌதிகம் முழுவதுமே சூதாட்டமாகத் தோன்றும். பதினோராம் வகுப்பிலே விஞ்ஞானம் எடுத்து, ஓராண்டுக்குள் "எனக்கு இது ஏறாது" என்று சொல்லி வேறு பாடத்துக்கு மாறிக்கொண்ட நல்ல பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் பலருக்கு அறிவுக் குறைவு ஏதுமில்லை. குறிக்கு ஒரு காரணம் உண்டு என்பதை எடுத்துச் சொல்வார் இல்லை, அவ்வளவே.

வானொலியில் கரும்பலகை இல்லை. ஆகையால் நேயர்கள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து வைத்துக்கொண்டால் நலம். பெரிய கணக்கு எதுவும் இல்லை. வீட்டிலே பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால், அதனையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

முதலில் கழித்தல் குறியைப் பற்றியே சில சொற்கள் கூறவேண்டும். ஒரே சிறு கோடு இரண்டு வேலைகளைச் செய்கிறது. எட்டிலிருந்து ஐந்தைக் கழி என்று ஏவுவது ஒன்று. இந்த அளவு நாம் நேர் என்று வைத்த திசைக்கு எதிர்த் திசையில் இருக்கிறது என்று அறிவிப்பது மற்றொன்று. முன்னது ஒரு செயல். பின்னது ஒரு செய்தி. நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே முன்னதைக் கற்றுவிடுகிறார்கள். பின்னதை எப்போது கற்றார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகளைக் குறை கூற வேண்டியதில்லை. எதிர் எண் என்பது பெரியவர்களையே திணற அடித்த விஷயமாகும். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் நூலில் நேர் எண்ணைச் செல்வம் என்றும், எதிர் எண்ணைக் கடன் என்றும் கொண்டு, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்துவிட்டார். அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும், 1758-இல், பிரான்சிஸ் மசேரஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், எதிர் எண்களை இயற்கணிதத்தில் கூடியவரை விலக்கவேண்டும் என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார். செல்வமும் கடனும் வணிகனுக்குப் போதும்; பௌதிகத்துக்கு வேண்டியது திசை. அந்தத் திசையை நயமாக எடுத்துக் காட்டியவர் ஜான் வாலிஸ். 1685-இல் வெளிவந்த தம் இயற்கணித நூலில் அவர் ஒரு மனிதனை நடக்கவிடுகிறார். ஐந்து கஜம் முன்னே சென்றவன் எட்டுக் கஜம் பின்னே வந்தால், அவன் புறப்பட்ட இடத்திலிருந்து முன்னே சென்றது எவ்வளவு? எதிர் மூன்று கஜம். அதாவது, மூன்று கஜம் பின்னே நிற்கிறான். "ஒன்றுமில்லாததைக் காட்டிலும் குறைவான எண்" என்ற மருட்சி இங்கே அடியோடு அகன்றுவிடுகிறது. முன்பக்கத்தை நேர் என்று வைத்தவர்கள் நாம். பின்பக்கத்தை நேர் என்று வைத்திருந்தால் விடை நேர் மூன்று ஆகியிருக்கும். மனிதன் நிற்கும் இடமோ மாறவில்லை.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு கிணற்றடிக்குச் செல்வோம். கப்பியில் தாம்புக்கயிறு, கயிற்றின் நுனியில் தண்ணீர் நிறைந்த வாளி. வாளியும் நீரும் சேர்ந்து 12 கிலோகிராம் என்க. இழுப்பவர் அதனை மேல்நோக்கி, வினாடிக்கு வினாடி 0.5 மீட்டர் வேகம் கூடும்படி இழுக்கிறார். கயிற்றின் இழுவிசை என்ன?

தாளிலே வாளியை மட்டும் தனியே ஒரு புள்ளியாக வரையுங்கள். கிணறு வேண்டாம், கப்பி வேண்டாம், இழுக்கும் ஆளும் வேண்டாம். வாளியைப் பற்றி இழுப்பவை இரண்டே. கயிறு மேலே இழுக்கிறது. புவி கீழே இழுக்கிறது. புவியின் இழுப்பு 12-ஐ 9.8-ஆல் பெருக்க வருவது, 117.6 நியூட்டன். இரண்டு அம்புகளையும் வரைந்துவிட்டு, பக்கத்தில் மூன்றாவதாக ஓர் அம்பை வரைந்து "இது நேர்" என்று எழுதிவைக்க வேண்டும். இந்த மூன்றாவது அம்பைத்தான் பெரும்பாலோர் வரைவதில்லை. வரையாமல் விடுவதால், கணக்கின் முதல் வரியில் மேல்திசை நேராகவும், மூன்றாம் வரியில் கீழ்த்திசை நேராகவும் அவர்கள் அறியாமலே மாறிவிடுகிறது.

மேல்திசை நேர் என்று வைப்போம். இழுவிசை − 117.6 = 12 × 0.5. வலப்புறம் 6. ஆகவே இழுவிசை 123.6 நியூட்டன். இனி அதே கணக்கைக் கீழ்த்திசை நேர் என்று வைத்துச் செய்து பாருங்கள். இப்போது புவியின் இழுப்பு நேர். கயிற்றின் இழுப்பு எதிர். முடுக்கம் மேல்நோக்கி ஆதலால் அதுவும் எதிர். 117.6 − இழுவிசை = 12 × (−0.5) = −6. இழுவிசை மறுபடியும் 123.6 நியூட்டன். சமன்பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் குறி மாறிற்று. எல்லாம் ஒருங்கே மாறியதால் விடை மாறவில்லை. திசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்முடையது. தேர்ந்த பின் இடையிலே மாற்றும் உரிமை நமக்கில்லை. மின்னியலில் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவகை மின்னூட்டத்தை நேர் என்றும், மற்றதை எதிர் என்றும் குறித்தார். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தபோது, கம்பியில் ஓடும் அந்தத் துகளுக்கு எதிர்க்குறியே வாய்த்தது. உலகம் குறியை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு கணக்கும் அதனால் பிழைபடவும் இல்லை.

நிற்க. இழுவிசைக் கணக்குகளுக்குச் சில வழிகாட்டி நூல்கள் ஒரு குறுக்கு வழி கற்பிக்கின்றன. பொருள் மேலே சென்றால் 9.8-உடன் முடுக்கத்தைக் கூட்டு. கீழே சென்றால் கழி. வந்ததை நிறையால் பெருக்கு. மின்தூக்கிக் கணக்குக்கும் இதே சூத்திரந்தான். பிள்ளைகள் இதனை மந்திரம் போல் உருப்போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சூத்திரத்தின்மேல் உள்ள கோபம் சிறிதன்று. அது ஏன் என்பதற்கு ஒரு கேள்வி போதும். அதே வாளியைக் கிணற்றுக்குள் இறக்குகிறோம். நீர்மட்டம் நெருங்கிவிட்டதால், கயிற்றை இறுக்கிப் பிடித்து, வாளியின் வேகத்தை வினாடிக்கு 0.5 மீட்டர் வீதம் குறைக்கிறோம். வாளி செல்வது கீழே. சூத்திரத்தை நம்பிய பிள்ளை 9.8-இலிருந்து 0.5-ஐக் கழித்து, இழுவிசை 111.6 நியூட்டன் என்று எழுதும். உண்மையில் கீழ்நோக்கிய வேகம் குறைகிறதென்றால் முடுக்கம் மேல்நோக்கியது. மேல்திசை நேர் என்று வைத்து எழுதினால் முன்பு கண்ட அதே சமன்பாடு, அதே 123.6 நியூட்டன். வாளி போகும் திசை வேறு, அதன் வேகம் மாறும் திசை வேறு. நியூட்டனின் இரண்டாம் விதி பின்னதைப் பற்றியே பேசுகிறது. முன்னதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கையிலே தாம்புக்கயிறு பிடித்த எவருக்கும் இது தெரியும். இறங்கும் வாளியை நிறுத்தும்போதுதான் உள்ளங்கை எரிகிறது.

இன்னொரு குழியும் இந்தப் பாதையில் உண்டு. புவியீர்ப்பு முடுக்கம் −9.8 என்று சில வகுப்புகளில் எழுதிப் போடுகிறார்கள். எறிந்த பந்தின் கணக்குக்கு இது வசதி. அதே பிள்ளை வாளிக் கணக்கில் "இழுவிசை கழித்தல் எடை" என்று முறையாக எழுதிவிட்டு, எடை வரவேண்டிய இடத்தில் 12 × (−9.8) என்று போடுகிறது. கழித்தலும் எதிரும் சேர்ந்து கூட்டலாகி, இழுவிசை −111.6 நியூட்டன் என்று விடை வருகிறது. கீழ்நோக்கு என்ற ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னதால் வந்த வினை இது. 9.8 என்பது வெறும் அளவு. அதற்குக் குறி வேண்டா. திசையைச் சமன்பாடு எழுதும்போது ஒரே முறை காட்டினால் போதும் என்பது என் கட்சி. வேறு விதமாகக் கற்பிப்போரும் உளர். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, கடைசி வரியிலும் அவர்கள் அதையே கடைப்பிடிப்பார்களாயின்.

விடைத்தாள் திருத்தும் கூடம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்லத் தோன்றுகிறது. எந்த ஊர், எந்த ஆண்டு என்பது வேண்டாம். ஒரு மாணவி கீழ்த்திசையை நேர் என்று தெளிவாக எழுதி, அம்புக்குறியும் இட்டு, வரிக்கு வரி ஒழுங்காகக் கணக்கைச் செய்திருந்தாள். விடையும் சரியே. மாதிரி விடைக் குறிப்பிலோ மேல்திசை நேர். திருத்தியவர், "சமன்பாட்டில் எல்லாக் குறியும் தலைகீழாக இருக்கிறது" என்று சொல்லி இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பக்கத்து மேசையிலிருந்த நான் இரண்டு வழியாலும் கணக்கைச் செய்து காட்டியதும், அவர் நல்ல மனிதராதலால் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டார். அதற்கு முன் அவர் திருத்தி முடித்திருந்த கட்டுகள் கட்டப்பட்டுப் போய்விட்டிருந்தன. அவற்றில் இத்தகைய தாள்கள் எத்தனை இருந்தனவோ! விளக்கம் சொல்ல முடியாத இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு, இரண்டு மதிப்பெண் சிறிய காரியம் அன்று.

இழுவிசை என்பது என்ன என்பதையும் சற்றே ஆராயவேண்டும். மூன்றாம் விதியை விளக்கும் இடத்தில் நியூட்டன் தம் 1687-ஆம் ஆண்டு நூலில் கல்லை இழுக்கும் குதிரையைக் காட்டுகிறார். கயிற்றால் கட்டிய கல்லைக் குதிரை முன்னே இழுக்கிறது. அதே அளவில் கல்லும் குதிரையைப் பின்னே இழுக்கிறது. இடையிலுள்ள கயிறு விறைத்து இருபக்கமும் ஒருபடித்தாக இழுக்கிறது. கயிற்றின் இயல்பே இதுதான். அது ஒரு முனையில் குதிரையைப் பின்னுக்கும், மறு முனையில் கல்லை முன்னுக்கும் இழுக்கும். அங்ஙனமாயின் இழுவிசைக்குக் குறி எது? இழுவிசைக்கென்று ஒரு குறி இல்லை என்பதே விடை. அது கயிறு எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. எந்தப் பொருளைத் தனியே எடுத்து வரைகிறோமோ, அந்தப் பொருளை அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்த பிறகே குறி பிறக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு சிறு புதிர். மேசையின் இரு விளிம்பிலும் ஒவ்வொரு கப்பி. அவற்றின்மேல் செல்லும் கயிற்றின் இரு முனைகளிலும் 5 கிலோகிராம் எடைக்கல் ஒவ்வொன்று தொங்குகிறது. நடுவே கயிற்றை வெட்டி ஒரு சுருள்வில் தராசைக் கோத்திருக்கிறோம். தராசு என்ன காட்டும்? வலமும் இடமும் எதிரெதிர் ஆகையால் ஒன்றுமில்லை என்பார் சிலர். இரண்டும் சேர்ந்து 10 கிலோகிராம் என்பார் பலர். தராசு காட்டுவது 5. ஒரு கல்லுக்குப் பதிலாக அந்த முனையைச் சுவரில் அடித்த ஆணியில் கட்டினாலும் அதே 5 தான். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு கட்சியை அகற்றிவிட்டு மரத்தில் கட்டியதற்கு இது ஒப்பு. நடுநிலையில் நிற்கும் கயிற்றுக்கு எதிர்ப்பக்கம் மரமா, மனிதரா என்பது தெரியாது.

குறியைப் பற்றிய மிக அழகான பாடம் ஜார்ஜ் அட்வுட் அமைத்த கருவியில் அடங்கியிருக்கிறது. கேம்பிரிட்ஜில் கற்பித்த இவர், 1784-இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். கீழே விழும் பொருளின் இயக்கம் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் நிகழ்வதால், அதனைத் தாமதப்படுத்தி அளப்பதே நோக்கம். கப்பியின் இருபுறமும் ஏறக்குறைய ஒத்த இரு எடைகளைத் தொங்கவிட்டார். மிகுந்த பக்கம் மெல்ல இறங்கும். நாம் ஒரு பக்கம் 3 கிலோகிராமும் மறு பக்கம் 2 கிலோகிராமும் வைப்போம். கயிற்றின் எடையையும் கப்பியின் உராய்வையும் ஒதுக்கிவிடுவோம்.

மேல்திசையே இரு பொருளுக்கும் நேர் என்று ஒரு பிள்ளை வைத்துக்கொள்கிறது. அதில் குற்றமில்லை. இலேசான பொருளுக்கு, இழுவிசை − 19.6 = 2 × முடுக்கம். கனமான பொருளுக்கு, இழுவிசை − 29.4 = 3 × முடுக்கம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் முடுக்கம் −9.8, அதனை இட்டுப் பார்த்தால் இழுவிசை சூனியம்! பிள்ளை விழிக்கிறது. தவறு எங்கே? இரண்டு வரியிலும் "முடுக்கம்" என்ற ஒரே சொல்லை எழுதியதில் இருக்கிறது. மேல்திசை இருவர்க்கும் நேர் என்றால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால், ஒன்றின் முடுக்கம் மற்றதன் முடுக்கத்துக்கு எதிர்க்குறி பெறவேண்டும். அதனை எழுதாமல் விட்டது, இரண்டும் ஒன்றாகக் கீழே விழுகின்றன என்று சொன்னதற்குச் சமம். இரண்டும் 9.8 முடுக்கத்தோடு ஒன்றாக விழ வேண்டுமானால் இடையிலே கயிறு இருந்தும் பயனில்லை, அறுந்ததற்கு ஒப்பு. சமன்பாடு பொய் சொல்லவில்லை. நாம் எழுதிய கதைக்கு உரிய விடையை அது தந்துவிட்டது. பிழையான விடைகளிலே இவ்வளவு பொருள் பொதிந்த விடை வேறொன்றை நான் கண்டதில்லை.

சரியான வழி இரண்டு. எதிர்க்குறியைப் போட்டுவிடுவது ஒன்று. கயிறு ஓடும் வழியையே நேர்த்திசையாகக் கொள்வது மற்றொன்று. அதாவது கனமான பக்கம் கீழ்நோக்கு நேர், கப்பியைச் சுற்றிவந்து இலேசான பக்கம் மேல்நோக்கு நேர். இரண்டாவதே எளிது. 29.4 − இழுவிசை = 3 × முடுக்கம்; இழுவிசை − 19.6 = 2 × முடுக்கம். கூட்டினால் 9.8 = 5 × முடுக்கம். முடுக்கம் 1.96, இழுவிசை 23.52 நியூட்டன். இந்த எண் 19.6-க்கும் 29.4-க்கும் இடையில் இருப்பதைக் காண்க. இலேசான பொருள் ஏற வேண்டுமானால் கயிறு அதன் எடையை விஞ்ச வேண்டும்; கனமானது இறங்க வேண்டுமானால் அதன் எடைக்குத் தோற்க வேண்டும். விடையை ஒத்துப் பார்க்கக் கடைசிப் பக்கம் தேவையில்லை.

எந்தப் பக்கம் இறங்கும் என்பது முன்கூட்டித் தெரியாவிட்டால் என் செய்வது? ஏதோ ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 2 கிலோகிராம் பக்கம் இறங்குகிறது என்று வைத்து மேற்கண்ட கணக்கைச் செய்தால் முடுக்கம் −1.96 என்று வரும். இழுவிசை அதே 23.52. எதிர்க்குறி இங்கே நம்மைத் திருத்தும் நண்பன். "நீ நினைத்தது ஒரு பக்கம், நடப்பது மறு பக்கம்" என்கிறது.

எதிர்க்குறி எப்போதும் இவ்வளவு இதமாகப் பேசுவதில்லை. முடுக்கம் எதிரானால் திசை மாறியது எனலாம். இழுவிசை எதிரானால்? நீர் வாளியைக் கயிற்றில் கட்டித் தலைக்குமேல் வட்டமாகச் சுழற்றும் விளையாட்டை எண்ணிப் பாருங்கள். வாளியும் நீரும் 2 கிலோகிராம், கயிறு 1 மீட்டர், உச்சியில் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்க. உச்சியில் மையம் கீழே இருப்பதால் கீழ்த்திசையை நேர் என்று வைப்போம். இழுவிசை + 19.6 = 18. இழுவிசை −1.6 நியூட்டன் என்று வருகிறது. கயிறு வாளியை வெளியே தள்ளுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கயிற்றுக்கு இழுக்கத் தெரியும்; தள்ளத் தெரியாது. அந்த இடத்தில் இரும்புக்கம்பி இருந்தால் தள்ளும், விடை செல்லும். கயிறானால், வாளி அந்த வேகத்தில் உச்சிக்கு வட்டப்பாதையிலே வரவே இயலாது. கயிறு முன்னரே தொய்ந்து, நீர் நம் தலையில் கொட்டியிருக்கும். உச்சியில் வினாடிக்கு ஏறத்தாழ 3.13 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் கயிறு விறைத்து நிற்கும். ஆகவே இங்கே எதிர்க்குறி கணக்கின் கருதுகோளே பொய்த்தது என்று அறிவிக்கிறது.

உராய்வு புகுந்த கணக்கோ இன்னும் வஞ்சகமானது. மேசைமேல் 5 கிலோகிராம் கட்டை. அதன் இடப்புறக் கயிறு கப்பி வழியே 3 கிலோகிராமையும், வலப்புறக் கயிறு 2 கிலோகிராமையும் தாங்குகின்றன. கட்டை நகரும்போது மேசையின் உராய்வு 4 நியூட்டன். கட்டை வலப்புறம் செல்வதாக நினைத்துக்கொண்டால், உராய்வு இடப்புறம் இழுக்கும். 19.6 − 29.4 − 4 = 10 × முடுக்கம்; முடுக்கம் −1.38. முன்பு கற்ற பாடத்தை நம்பி, "சரி, இடப்புறம் 1.38" என்று எழுதிவிடலாகாது. நகரும் திசை மாறினால் உராய்வின் திசையும் உடன் மாறிவிடும். அது எடையைப் போல நிலையான திசை உடையதன்று. நகர்வுக்கு எதிராக எப்போதும் திரும்பி நிற்பது. இடப்புறம் என்று வைத்து மறுபடி முதலிலிருந்து எழுதவேண்டும்: 29.4 − 19.6 − 4 = 10 × முடுக்கம். முடுக்கம் 0.58 தான். அசையாமல் நிற்கும் கட்டையை மேசை 15 நியூட்டன் வரை தடுத்து நிறுத்தவல்லது என்று வைத்துப் பாருங்கள். இடப்புறம் என்று வைத்து 15-ஐக் கழித்தாலும் எதிர்க்குறி. வலப்புறம் என்று வைத்தாலும் எதிர்க்குறி. இரு பக்கமும் எதிர்க்குறி வந்தால் கட்டை நகரவே இல்லை என்று பொருள். அப்போது உராய்வு 15 நியூட்டன் அன்று. இருபுற எடைகளின் வேறுபாட்டுக்குச் சரியாக 9.8 நியூட்டன் மட்டும், வலப்புறம் நோக்கி.